வலசைக்கு முன் வரும் இளம் ஹம்மிங் பறவைகள்: பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் டெக்கில் காப்பியோடு உட்கார்ந்து, ஹம்மிங் பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டிருக்கும் ஃபீடரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "கழுத்தில் சிவப்பு மின்னும் என்றீர்களே, ஒன்றில்கூடக் காணோமே. எல்லாம் பெண் பறவைகளா?"

இல்லை. அவற்றில் பல, ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு முன் கூட்டை விட்டு வெளியே வந்த பிள்ளைகள். பார்க்க வளர்ந்த பறவை மாதிரியே இருக்கும், ஆனால் உலகம் அவற்றுக்கு இன்னும் புதிது. இன்னும் சில வாரங்களில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வழிகாட்ட அம்மாகூட இல்லாமல், மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் கிளம்பிவிடும். நம் வீட்டு வாசலிலேயே நடக்கிற இந்தச் சில வாரத்துத் தயாரிப்பை எப்படிப் பார்ப்பது, எதைத் தயாராக வைத்திருப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில், ராலே பக்கம். இங்கே கோடையில் வருவது ரூபி தொண்டை ஹம்மிங் பறவை. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் ஹம்மிங் இனம் இது ஒன்றுதான். அதனால் ஜார்ஜியா, வர்ஜீனியா, நியூ ஜெர்சி, ஒஹாயோ, மிஷிகன், டொராண்டோ என்று எங்கே இருந்தாலும் இங்கே சொல்வது பொருந்தும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குப் பாதிதான் பொருந்தும். அங்கே ஆன்னாஸ் ஹம்மிங் பறவை வருஷம் முழுக்க இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செம்பருத்தியிலும் வாழைப்பூவிலும் தேன் குடிக்கும் சிட்டைப் பார்த்து வளர்ந்த நாம், இதையும் தேன்சிட்டு என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு குடும்பம். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் வாழ்கின்றன. நம் ஊர்த் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து தேன் குடிக்கும். இது நொடிக்குச் சுமார் 50 தடவை சிறகடித்து அந்தரத்தில் நின்று குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். தமிழில் ரீங்காரச் சிட்டு என்றும் ஓசனிச்சிட்டு என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் அழகான பெயர்கள். பேச்சில் எல்லாருக்கும் பழகிய ஹம்மிங் பறவை என்ற பெயரையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

எப்போது பார்க்க வேண்டும்

முதலில் காலக்கணக்கு. வளர்ந்த ஆண் பறவைகள் குஞ்சு வளர்ப்பில் எந்தப் பங்கும் எடுப்பதில்லை. கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் அம்மா ஒருத்திதான். அதனால் ஆண்கள்தான் முதலில் கிளம்பும். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அவை குறைய ஆரம்பித்துவிடும். அடுத்து வளர்ந்த பெண்கள். கடைசியாகப் போவது இந்த வருஷத்துக் குஞ்சுகள்.

எங்கள் பகுதியில் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நல்ல காலம். மிஷிகன், ஒன்டாரியோ பக்கம் எல்லாமே முன்கூட்டி நடக்கும். ஆகஸ்ட் கடைசியில் உச்சம், செப்டம்பர் நடுவுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். டெக்சஸ், லூசியானா கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம், வடக்கே இருந்து இறங்கும் கூட்டமெல்லாம் செப்டம்பரில் அவர்கள் வழியாகத்தான் போகும். டெக்சஸில் ராக்போர்ட் ஊரில் இதற்கென்றே ஒவ்வொரு செப்டம்பரிலும் விழா நடக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தில் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் உள்ள ஸ்ட்ராபெரி பிளெய்ன்ஸ் ஆடபான் (பறவைப் பாதுகாப்பு அமைப்பு) மையத்திலும் அதே மாதம் ஒரு விழா உண்டு.

நாளில் எந்த நேரம் என்றால், விடிந்து முதல் ஒரு மணி நேரமும் இருட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பறவை காலையில் ஓடி வரும். சாயங்காலம் இரவுக்குச் சேர்த்துக் குடித்துவிட்டுப் போகும்.

ஃபீடர், சர்க்கரைத் தண்ணீர்

கடையில் இரண்டு வகை ஃபீடர் கிடைக்கும். ஒன்று கவிழ்த்த பாட்டில் மாதிரி, இன்னொன்று மூடி போட்ட தட்டு மாதிரி. புதிதாகத் தொடங்குபவர்கள் தட்டு வகையை வாங்குங்கள். ஒழுகாது, கழுவுவது சுலபம், உள்ளே தண்ணீர் மட்டம் தாழ்வாக இருப்பதால் தேனீயும் குளவியும் எட்டிக் குடிக்க முடியாது. சுற்றிலும் உட்காரக் கம்பி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். உட்கார்ந்து குடிக்கும் பறவையைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும். மஞ்சள் பூ ஒட்டிய ஃபீடர் வேண்டாம், மஞ்சள் நிறம் குளவியைக் கூப்பிடும்.

சர்க்கரைத் தண்ணீருக்கு ஒரே கணக்குதான். ஒரு டம்ளர் வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு டம்ளர் தண்ணீர். இந்தப் பறவைகள் நாடும் பூக்களின் தேனில் இருக்கும் இனிப்பும் ஏறக்குறைய இதே அளவுதான். வெந்நீரில் போட்டால் சீக்கிரம் கரையும். நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள். மீதியைப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

நம் வீடுகளில் வரக்கூடிய ஒரு தவறைச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரை கெடுதல், வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ தேனோ போட்டால் சத்து என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. இந்தப் பறவைக்கு அது நேர்மாறு. வெல்லத்திலும் பிரவுன் சர்க்கரையிலும் இருக்கும் இரும்புச்சத்து அதன் உடம்புக்கு ஆகாது. தேனில் தண்ணீர் கலந்தால் சீக்கிரம் நொதித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். ஃபீடரின் சிவப்பே போதும், தண்ணீர் நிறமில்லாமல் இருக்கட்டும்.

வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கொஞ்சம் இதமான நாட்களில் மூன்று, நாலு நாள். தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே கொட்டிவிடுங்கள். முதல் வருஷம் நான் ஃபீடரை முழுக்க நிரப்பி, "இன்னும் நிறைய இருக்கிறதே" என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன். பறவை வருவது நின்றுபோனது. ஏன் என்று கழற்றிப் பார்த்தால் துளைகளுக்கு உட்புறம் கறுப்பாகப் பூஞ்சை. அதிலிருந்து கால் பாகம்தான் ஊற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் வெந்நீர், சின்ன பிரஷ். வாரம் ஒரு முறை வினிகரில் ஊறவைத்துக் கழுவுவேன். பாட்டில் வகை வைத்திருப்பவர்கள் ஒரு பிடி பச்சரிசியும் வினிகரும் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் பிரஷ் எட்டாத இடமும் சுத்தமாகும்.

எறும்பு வந்தால் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், பறவையின் இறகில் ஒட்டினால் அதனால் பறக்க முடியாது. கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவில் தண்ணீர் ஊற்றிய சின்னக் கிண்ணம் ஒன்றை மாட்டினால் எறும்பு தாண்டாது. மளிகை அலமாரியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

தொங்கவிடும் இடம்: மதியம் நிழல் விழ வேண்டும், உட்கார்ந்து காவல் பார்க்க ஒரு கிளையோ கொடிக்கம்பியோ நாலைந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் தொங்கவிடுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால். நடுத்தர தூரம்தான் ஆபத்து. வேகமெடுத்துக் கிளம்பும் பறவை கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜம் என்று நினைத்து மோதிவிடும்.

குஞ்சு எது, பெரியது எது

இதுதான் விஷயமே. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அளவை வைத்துத் தேடுவதை விட்டுவிடுங்கள். ஃபீடருக்கு வரும் குஞ்சு பெரிய பறவையின் அளவேதான் இருக்கும். கூட்டில் மூன்று வாரம் இருக்கும்போதே அந்த வளர்ச்சி முடிந்துவிடும். சிலந்தி நூலும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு, வெளியே மரப்பாசி (லைக்கன்) ஒட்டி, பாதி வால்நட் ஓடு அளவுதான் இருக்கும். உள்ளே பெரும்பாலும் இரண்டு குஞ்சுகள். அவை வளர வளர சிலந்தி நூல் இழுபட்டுக் கூடும் விரியும். வெளியே வந்த பிறகு ஒரு வாரம் போல அம்மா ஊட்டும். அப்புறம் அவரவர் பாடு.

"எங்கள் பூச்செடிக்கு இத்தனூண்டு ஹம்மிங் குஞ்சு வந்தது" என்று யாராவது வீடியோ அனுப்பினால், மீசை இருக்கிறதா என்று பாருங்கள். தலையில் இரண்டு உணர்கொம்பு, கண்ணாடி மாதிரி ஒளிபுகும் சிறகு, ஆறு கால்கள் இருந்தால் அது அந்துப்பூச்சி. ஹம்மிங்பேர்டு கிளியர்விங் என்று பெயர். பகலில் பறக்கும், அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும், ஏமாறாதவர்கள் குறைவு. அதுவும் பார்க்க வேண்டிய உயிர்தான், ஆனால் பறவை இல்லை.

சரி, இப்போது பறவை உட்கார்ந்திருக்கிறது. தொண்டையைப் பாருங்கள்.

தொண்டை முழுக்க அடர்சிவப்பு, வெளிச்சம் படாத கோணத்தில் கறுப்பு, வால் கவை போல் பிளந்து நுனியில் வெள்ளையே இல்லை: வளர்ந்த ஆண். இதில் குழப்பமே கிடையாது.

தொண்டை வெள்ளை. அதில் மோவாயிலிருந்து கீழே வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள், இரண்டு நாள் சவரம் செய்யாத தாடி மாதிரி: பெரும்பாலும் இளம் ஆண். வால் நுனியில் வெள்ளை இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் இவற்றில் சிலவற்றுக்குத் தொண்டையில் ஒரே ஒரு சிவப்பு இறகு முளைத்திருக்கும். குன்றிமணியை அங்கே ஒட்டவைத்த மாதிரி. தலையைத் திருப்பும்போது பளிச்சென்று ஒரு பொறி, அடுத்த நொடி அது கறுப்பு. அந்த இறகின் நிறம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால்தான் கோணம் மாறினால் அணைந்துவிடுகிறது. முழுச் சிவப்புத் தொண்டை அதற்குக் குளிர்காலத்தில், தெற்கே போன பிறகுதான் வரும்.

தொண்டை சுத்தமான வெள்ளை என்றால் அது இளம் பெண்ணாகவும் இருக்கலாம், வளர்ந்த பெண்ணாகவும் இருக்கலாம். இங்கேதான் முதுகைப் பார்க்க வேண்டும். குஞ்சின் இறகெல்லாம் புதுசு. தலையிலும் முதுகிலும் ஒவ்வொரு பச்சை இறகின் ஓரத்திலும் மெல்லிய மஞ்சள்பழுப்புக் கரை இருக்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால் மீன் செதில் அடுக்கிய மாதிரி தெரியும். அம்மாவின் உடம்பில் அது இருக்காது. அவள் இரண்டு தடவைகூட முட்டையிட்டு வளர்த்திருப்பாள், கூட்டின் ஓரத்தில் உரசி உரசி இறகு நைந்து மங்கியிருக்கும். புதுப் பட்டுக்கும் தினம் உடுத்திய சேலைக்கும் உள்ள வித்தியாசம்.

வளர்ந்த பெண்ணுக்கும் சில சமயம் தொண்டையில் லேசான புள்ளிகள் உண்டு. அதனால் ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தொண்டை, வால், முதுகு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். காலில் வளையம் போடும் ஆராய்ச்சியாளர்கள் லென்ஸ் வைத்து அலகைப் பார்ப்பார்கள். இளம் பறவையின் மேலலகில் நுண்ணிய கோடுகள் இருக்கும், வயதானால் வழவழப்பாகிவிடும். அது நமக்குக் கண்ணில் படாது. ஆனால் அவர்கள் எவ்வளவு உறுதியாக வயதைச் சொல்கிறார்கள் என்பதற்கு அதுதான் காரணம்.

பைனாகுலர் இருந்தால் நல்லது. எட்டு மடங்கு போதும், கிட்டத்தில் இரண்டு மூன்று மீட்டரில் ஃபோகஸ் ஆகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் நாற்காலியை ஃபீடரிலிருந்து மூன்று மீட்டரில் போட்டு, அசையாமல் இருபது நிமிஷம் உட்காருங்கள். மூன்றாம் நாளில் நீங்களும் மரம் மட்டை மாதிரி அவற்றுக்குப் பழகிவிடுவீர்கள்.

நடத்தையிலும் தெரியும்

அடையாளம் பழகிய பிறகு இறகைப் பார்க்காமலே குஞ்சைச் சொல்லிவிடலாம். பெரிய பறவை நேராகத் துளைக்கு வரும், குடிக்கும், போகும். குஞ்சு எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும். ஃபீடரின் கொக்கியை, மூடியின் திருகை, காய்கிற சிவப்புத் துணியை, தோட்டத்துக் குழாயின் சிவப்புப் பிடியை. போன ஆகஸ்டில் என் மகள் சிவப்பு கிளிப் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. சிறகின் காற்றில் அவளுடைய முன்முடி ஆடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிளிப்பை இரண்டு முறை அலகால் தொட்டது, அப்புறம் முகத்துக்கு நேரே வந்து ஒரு நிமிஷம்போலத் தோன்றிய மூன்று நொடி பார்த்தது, போய்விட்டது.

குடிப்பதை ஃபோனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள். குடித்துவிட்டுத் தலையைத் தூக்கும்போது நூல் மாதிரி நாக்கு அலகைத் தாண்டி நீளும். அந்த நாக்கு ஒரு நுண்குழாய் மாதிரி, அதில் தேன் தானாக மேலே ஏறுகிறது என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். கனெடிகட் பல்கலைக்கழகத்தின் அலெஹாண்ட்ரோ ரிக்கோ குவேராவும் மார்கரெட் ருபேகாவும் 2011இல் அது அப்படி இல்லை என்று காட்டினார்கள். நாக்கின் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கிறது, தேனுக்குள் போனதும் ஓரத்து இழைகள் விரிகின்றன, வெளியே இழுக்கும்போது சுருண்டு தேனைப் பிடித்துக்கொள்கின்றன.

சர்க்கரைத் தண்ணீர் மட்டும் அவற்றின் சாப்பாடு இல்லை. சட்டென்று காற்றில் ஏறி ஒன்றுமில்லாத இடத்தைக் கொத்துவதைப் பார்த்தால் அது கொசுவோ சின்ன ஈயோ பிடிக்கிறது என்று அர்த்தம். சதை வளர அந்தப் புரதம்தான் வேண்டும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது ஃபீடர் வைப்பதைவிடப் பெரிய உதவி என்றே நினைக்கிறேன். ஒரு கனிந்த வாழைப்பழத்தோலை ஃபீடருக்குப் பக்கத்தில் போட்டுவைத்தால் பழ ஈ வரும், குஞ்சுகள் வேட்டையாடிப் பழகுவதை அங்கேயே பார்க்கலாம்.

செடி வைக்க இடம் இருப்பவர்கள் கார்டினல் மலர், பீ பாம், ட்ரம்பெட் ஹனிசக்கிள் வைக்கலாம். வீட்டுப் பக்கம் ஈரமான ஓடைக்கரை இருந்தால் அங்கே ஆரஞ்சு நிறத்தில் ஜுவல்வீட் பூத்திருக்கும். நம் காசித்தும்பையின் இனம்தான், காயைத் தொட்டால் அதே மாதிரி வெடிக்கும். வலசை காலத்தில் பூப்பதால் அந்தப் புதரைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும்.

சண்டை

ஒரு இளம் ஆண் ஃபீடருக்கு எஜமானன் ஆகிவிடும். கிளையில் உட்கார்ந்து யார் வந்தாலும் விரட்டும். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் அது அதன் இயல்பு. தன் சாப்பாட்டைத் தானே காத்துக்கொள்கிறது. மற்றவைக்கும் கிடைக்க வேண்டுமென்றால் இன்னொரு ஃபீடரை வீட்டின் மறுபக்கம், முதல் ஃபீடரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மூலையில் தொங்கவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் காவல் காக்க முடியாது.

எத்தனை வருகின்றன என்று எண்ணும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே சமயத்தில் கண்ணில் படுவது மூன்று என்றால், நாள் முழுக்க வந்துபோவது அதைப் போலப் பல மடங்கு. செப்டம்பரில் நீங்கள் "நம்ம பறவை" என்று நினைப்பது தினமும் வேறு வேறாகக்கூட இருக்கும். வடக்கே கனடாவிலிருந்து வந்தது ஒரு நாள் தங்கித் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

கிளம்பப்போவது எப்படித் தெரியும்

சாதாரணமாக இந்தப் பறவையின் எடை மூன்று கிராம் போல. அரைப் பவுன் மோதிரமே நாலு கிராம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வலசைக்கு முன் தின்று தின்று கொழுப்பு சேர்த்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வயிறும் நெஞ்சும் உருண்டு, கழுத்தே இல்லாத மாதிரி ஆகிவிடும். விரட்டிப் பறப்பது குறையும், கம்பியிலேயே அதிக நேரம் உட்கார்ந்து குடிக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது இந்த உருண்டை நன்றாகத் தெரியும்.

அந்தக் கொழுப்பு எதற்கு என்றால், பலவும் மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் தாண்டும். சுமார் 800 கிலோமீட்டர், இருபது மணி நேரத்துக்குக் கிட்ட, நடுவில் உட்கார ஒரு கிளை கிடையாது. சில கரையோரமாகச் சுற்றியும் போகும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அம்மா ஏற்கெனவே போயிருப்பாள், கூடப்பிறந்தது வேறு நாளில் கிளம்பும். முதல் வருஷத்தைத் தாண்டாதவை நிறைய. தாண்டியவை அடுத்த ஏப்ரலில் அதே கொல்லைப்புறத்துக்கே திரும்பி வருவதை வளையம் போட்ட பறவைகளை வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒன்பது வயதைத் தாண்டிய பெண் பறவைகூடப் பதிவாகியிருக்கிறது.

வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்து வானம் தெளிந்த காலையில் கவனியுங்கள். முந்தின நாள் உருண்டையாக உட்கார்ந்திருந்தவை காணாமல் போயிருக்கும்.

ஃபீடரை எப்போது எடுப்பது

"செப்டம்பரிலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாப்பாடு கிடைக்கிறதே என்று தங்கிக் குளிரில் செத்துவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நானும் ஒரு வருஷம் அதை நம்பி எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு இளம் பறவை ஃபீடர் தொங்கிய அதே இடத்தில், வெறும் காற்றில், வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்கே திரும்ப மாட்டிவிட்டேன்.

அந்தப் பேச்சு உண்மையில்லை. பகல் குறைவதைப் பார்த்துத்தான் அவற்றின் உடம்பு கிளம்பச் சொல்கிறது. சாப்பாடு இருப்பது அவற்றை நிறுத்தாது. மாறாக, தாமதமாக வரும் குஞ்சுக்கு அதுதான் வழிச்சோறு. கடைசிப் பறவையைப் பார்த்த நாளிலிருந்து இரண்டு வாரம் ஃபீடர் தொங்கட்டும். எங்கள் பக்கம் அக்டோபர் நடுவரை என்று வைத்துக்கொள்ளலாம்.

கவனம் வேண்டிய இடங்கள்

கராஜ் கதவைத் திறந்து வைக்காதீர்கள். மின்கதவைக் கையால் விடுவிக்கத் தொங்கும் கயிற்றின் பிடி பெரும்பாலும் சிவப்பு. குஞ்சு அதைப் பூ என்று உள்ளே வரும், வெளியே போகத் தெரியாமல் கூரையையே முட்டும். கறுப்பு டேப் சுற்றிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் உள் விளக்கை அணைத்து, கதவை முழுக்கத் திறந்து, வாசலில் ஃபீடரைத் தொங்கவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள்.

ஃபீடரில் கும்பிடுபூச்சி ஏறியிருந்தால் எடுத்துத் தூரத்துச் செடியில் விடுங்கள். பெரிய கும்பிடுபூச்சி இந்தப் பறவையையே பிடித்துத் தின்னும்.

குளிரான விடியலில் ஒரு பறவை கண் மூடி உறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தால், சில சமயம் தலைகீழாகத் தொங்கினால்கூட, தொடாதீர்கள். சக்தியை மிச்சம் பிடிக்க உடம்பின் சூட்டைக் குறைத்துக்கொண்டு ஆழ்ந்து கிடக்கிறது. வெயில் ஏறியதும் தானாக விழித்துக்கொள்ளும். கண்ணாடியில் மோதி விழுந்ததை மட்டும், மூடி போட்ட சின்ன அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் தேறவில்லை என்றால் உங்கள் பகுதியில் உரிமம் பெற்ற வனவிலங்கு மீட்பாளரைக் கூப்பிடுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது, கூட்டை எடுத்துவருவது எல்லாம் இந்த நாட்டில் 1918ஆம் வருஷத்து வலசைப் பறவைச் சட்டப்படி குற்றம்.

குறிப்பேடு

கடைசியாக ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், ஒரே சமயத்தில் அதிகமாகப் பார்த்த எண்ணிக்கை, ஆணா பெண்ணா குஞ்சா. வளர்ந்த ஆணைக் கடைசியாகப் பார்த்த நாளைத் தனியாகக் குறித்து வையுங்கள், அடுத்த வருஷம் அது உதவும். கார்னல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்டு செயலியில் அதையே போட்டால் ஆராய்ச்சிக்கும் பயன்படும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நோட்டை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். என் மகளின் கையெழுத்தில் எங்கள் நோட்டின் போன வருஷத்துக் கடைசி வரி இது: "அக்டோபர் 6, காலை 7:40. ஒன்று. இளம் ஆண். சிவப்பு இறகு மூன்று. ரொம்ப குண்டு."